நிற்பவனின் துணிவு: இரகசிய வாக்குமுறை வேட்பாளருக்குச் செய்தது என்ன?



  ஜனநாயக ஸ்தாபனங்களுள் இரகசிய வாக்குமுறையை இன்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அதைப்பற்றி வழக்கமாகப் பேசப்படும் பகுதியை அல்ல. வாக்களிப்பவனை மிரட்டலிலிருந்தும் கைக்கூலியிலிருந்தும் அம்முறை காத்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். வாக்கைக் கேட்டு நிற்பவனுக்கு அது என்ன செய்தது, யார் யாரை நிற்கத் தூண்டியது, யார் யாரை வீட்டோடு இருக்கச் செய்தது என்னும் கேள்வியே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது. தேர்தல் என்றால் முடிவைப் பார்க்கிறோம். நின்றவர்களுள் வென்றவர் யார் என்று கேட்கிறோம். நிற்காமற் போனவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆயினும், நிற்கத் துணிந்தோரின் தரத்தைப் பொறுத்ததே ஒரு சபையின் தரமும் என்பதால், அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது வீண் முயற்சியாகாது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்னும் தீர்மானம் ஒரு காலத்தில் நிலப்பிரபுவின் மாளிகையிலும் கட்சி நிர்வாகியின் அறையிலும் செய்யப்பட்டது. அரசாங்கமே வாக்குச்சீட்டை அச்சிட்டு, அதில் மறைவாகக் குறியிடச் செய்த நாள்முதல், அத்தீர்மானம் மெல்ல மெல்ல நிற்பவனுடைய கைக்கே வந்து சேர்ந்தது. ஆனால் யாருடைய பெயர் சீட்டில் இடம்பெறலாம், அதில் குறியிட யாருக்கு இயலும் என்று விதிக்கும் அதிகாரமும் அதே சட்டத்தால் அரசாங்கத்துக்குக் கிடைத்தபடியால், சிலருக்குத் திறந்த வாயில் வேறு சிலருக்கு அடைபட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1. முறையின் பிறப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்ற நாடுகள் 1856-ஆம் ஆண்டில் இம்முறையைச் சட்டமாக்கின; ஆகையால்தான் அது உலகெங்கும் ஆஸ்திரேலிய வாக்குமுறை என்று பெயர் பெற்றது. அதில் இரண்டு அம்சங்கள் உண்டு. வாக்காளன் தனியிடத்தில் நின்று குறியிடுவது ஒன்று. எல்லா வேட்பாளர்களின் பெயர்களும் அடங்கிய ஒரே சீட்டைப் பொதுப்பணத்தில் அரசாங்கம் அச்சிட்டு வழங்குவது மற்றொன்று. முதல் அம்சத்தின் ஒளியிலே இரண்டாவது மங்கிப்போயிற்று. ஆனால் வேட்பாளரின் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாவதே பெரிது.

2. இங்கிலாந்தில் நிற்பதற்கான விலை

1872-க்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் பார்லிமெண்டுக்கு நிற்பதென்றால், திறந்தவெளியில் எழுப்பிய மேடையில் ஏறி, கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே தம் பெயரை முன்மொழியச் செய்து, கைதூக்கலில் தோற்றால் முறையான வாக்கெடுப்பைக் கோரி, அந்த மேடையின் செலவையும் தேர்தல் அதிகாரியின் செலவையும் தாமே ஏற்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வாக்காளனும் தன் வாக்கை வாய்விட்டுச் சொல்வான். சொன்னது ஏட்டில் எழுதப்படும். பல ஊர்களில் அந்த ஏடு அச்சாகி விற்பனைக்கும் வரும். செருப்புத் தைப்பவன் யாருக்கு வாக்களித்தான் என்பது அவனுடைய வாடிக்கைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் மறுநாளே தெரியும். 1868-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் வேல்ஸ் நாட்டில் லிபரல் கட்சிக்கு வாக்களித்த குடியானவர்கள் பலர் தங்கள் பண்ணைகளினின்று வெளியேற்றப்பட்டார்கள். இதை வாக்காளனின் துயரமாகவே வரலாற்று நூல்கள் எழுதுகின்றன; அது நியாயமே. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட ஒரு நல்லவர், அடுத்த முறை நிலப்பிரபுவை எதிர்த்து நிற்கலாமா என்று எண்ணும்போது, தம் பணத்தை மட்டுமா எண்ணிப் பார்ப்பார்? தம்மை ஆதரிப்பவர்களின் குடியிருப்பும் பிழைப்புமே பறிபோகுமே என்று அஞ்சி, மானமுள்ளவராயிருப்பதனாலேயே பின்வாங்குவார். வெளிப்படை வாக்கு தீயவரை மட்டும் தடுக்கவில்லை. பிறர் துன்பத்துக்கு இரங்குபவரை அதைவிட அதிகமாகத் தடுத்தது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 1859-இல் சபையின் உறுப்பினர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் போட்டியே இல்லாமல் வந்தவர்கள். 1868-இல், வாக்குரிமை விரிந்த பின்னரும், போட்டியற்ற இடங்கள் 200-க்கு மேல் இருந்தன. 1885-இல் அவை 50-க்கும் குறைந்தன. இந்த மாறுதல் முழுவதும் இரகசிய வாக்கினால் வந்ததென்று சொல்லமாட்டேன். தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு கட்டிய 1883-ஆம் ஆண்டுச் சட்டமும், கிராமத் தொழிலாளிக்கு வாக்குரிமை அளித்த 1884-ஆம் ஆண்டுச் சட்டமும், தொகுதிகளின் மறுவகுப்பும், கட்சி ஸ்தாபனங்களின் வளர்ச்சியும் இதில் பங்கு கொண்டவை. ஆனால் 1872-ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டம் வேட்பாளருக்கு நேரே செய்த ஒரு காரியம் உண்டு. அதை அதிகம்பேர் கவனிப்பதில்லை. அச்சட்டம் பகிரங்க மேடையையும் கைதூக்கலையும் அறவே ஒழித்தது. முன்மொழிபவர், வழிமொழிபவர், உடன்படும் வாக்காளர் எண்மர் என்று பதின்மர் கையொப்பமிட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்தால் போதும், ஒருவர் வேட்பாளராகிவிடலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் பாண்டிஃப்ராக்ட் ஊரில் அச்சட்டத்தின்கீழ் முதல் இடைத்தேர்தல் நடந்தது. ஹியூ சில்டர்ஸ் வென்றார். அவ்வூரில் அதிமதுர மிட்டாய்க்கு இடும் முத்திரையைக் கொண்டே வாக்குப்பெட்டியின் அரக்கில் முத்திரையிட்டார்கள். பழைய குடியும் கூச்சலும் இல்லாமல் நாள் கழிந்ததைக் கண்டு பார்த்தவர்கள் வியந்தார்கள்.

அடுத்த பொதுத்தேர்தல் 1874-இல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் இருவர், மார்பெத் தொகுதியில் தாமஸ் பர்ட்டும் ஸ்டாஃபோர்ட் தொகுதியில் அலெக்ஸாண்டர் மக்டோனால்டும், சபைக்குள் நுழைந்தார்கள். உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி வேண்டும் என்ற விதி 1858-லேயே நீங்கிவிட்டது. ஆகவே சட்டப்படி பதினாறு ஆண்டுகளாகத் திறந்திருந்த வாயில் இது. நகரத் தொழிலாளிக்கு 1867-இல் வாக்குரிமை கிடைத்ததும், பர்ட்டின் ஜீவனத்துக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கமே பொறுப்பேற்றதும் இதற்கு முக்கியமான காரணங்கள். இரகசியத்தின் பங்கை அவற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அயர்லாந்திலும் அதே தேர்தலில் சுயாட்சிக் கட்சியினர் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தார்கள். இதைப் பிரபுக்களின் பிடியிலிருந்து குடியானவன் விடுபட்டதன் பயன் என்றே பலர் எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1872 பிப்ரவரியில், வெளிப்படை வாக்கு நீடித்த கடைசி மாதங்களில், கெர்ரி தொகுதியில் பிளெனர்ஹாஸெட் என்னும் இளைஞர் நிலப்பிரபுக்களின் முழுப்பலத்தையும் எதிர்த்து நின்று வென்றார் அல்லவா? உணர்ச்சி பொங்கி எழும் வேளையில் வெளிப்படை வாக்கும் வீரத்துக்குத் தடையாவதில்லை. ஆனால் ஒரு நாட்டின் அரசியல் வீரர்களை மட்டும் நம்பி நடக்க முடியாது. சாதாரணத் துணிவுள்ளவரும் நிற்கக்கூடிய நிலைமையே ஜனநாயகத்துக்கு வேண்டுவது.

ஜான் ஸ்டூவர்ட் மில் இரகசிய வாக்கை எதிர்த்தவர். வாக்கு என்பது பிறர்பொருட்டு ஏற்ற தர்மகர்த்தாப் பொறுப்பு, அதை ஊரறியச் செலுத்த வேண்டும் என்பது அவர் வாதம். அவரே 1865-இல், தேர்தலுக்குச் செலவழிக்கமாட்டேன், வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் நின்று வென்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அப்படி நிற்க மில்லின் புகழ் வேண்டியிருந்தது. அப்புகழும் 1868-இல் அவரைத் தோல்வியிலிருந்து காக்கவில்லை.

3. அமெரிக்காவில் கட்சிச் சீட்டின் ஆட்சி

அமெரிக்காவில் விஷயம் வேறு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேட்பாளரின் தீர்மானத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள் கட்சித் தலைவர்கள். அவர்களுடைய கருவி அச்சிட்ட சீட்டு. மாஸசூஸெட்ஸ் உயர்நீதிமன்றம் 1830-இல், கையால் எழுதிய சீட்டுக்கு நிகராக அச்சிட்ட சீட்டும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கட்சியும் ஜனாதிபதி முதல் ஊர்ப்பதவி வரை தன் ஆட்களின் பெயர்களை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு, வாக்குச்சாவடி வாசலில் ஆள் வைத்து விநியோகித்தது. நிறத்தாலும் அளவாலும் சீட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஆகையால் அது பெயரளவிலேதான் இரகசியம். ஒரு பெயரை விலக்கி வேறொருவருக்கு வாக்களிக்க விரும்பியவன் அப்பெயரைக் கிழிக்கவோ, அதன்மேல் வேறு பெயர்த்துண்டை ஒட்டவோ வேண்டும். அதையும் தடுக்க, கலிபோர்னியாவின் வலேஹோ நகரில் 1871-இல், ஒட்டவும் எழுதவும் சற்றும் இடமில்லாதபடி பொடி எழுத்தில் நாடாப்புழுவைப் போன்ற ஒடுங்கிய சீட்டை அச்சிட்டுவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் தனி மனிதனின் யோசனைக்கு என்ன இடம் இருந்தது? காங்கிரஸுக்கு நிற்பவரின் கதி, அதே சீட்டின் உச்சியில் இருந்த ஜனாதிபதி வேட்பாளரின் கதியோடு பிணைந்திருந்தது. அவர் நல்லவரா, அநுபவசாலியா என்று வாக்காளன் தனியாக எடைபோட வழியில்லை. ஆகவே ஒருவர் தம் சொந்தச் செல்வாக்கைக் கணக்கிட்டு நிற்பதிலும் பொருளில்லை. கட்சி நில் என்றால் நிற்பார்; தோற்றால் தபால் நிலையத்திலோ சுங்கச் சாவடியிலோ அவருக்கு ஒரு பதவி கிடைக்கும்; வென்றால் ஒரு தவணை இருந்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார். நியூயார்க் போன்ற நகரங்களில் சீட்டு அச்சிடவும் விநியோகிக்கவும் ஆகும் செலவென்று கட்சி தன் வேட்பாளர்களிடம் ஒரு தொகையை வசூலித்தது. அதைக் கொடுக்க இயலாதவருக்குச் சீட்டில் இடமில்லை.

இந்தத் தவணை முறைக்கு உதாரணமாக லிங்கனையே காட்டலாம். இல்லினாய் மாகாணத்தில் விக் கட்சியின் பலம் மிகுந்த தொகுதி ஒன்றில், ஜான் ஹார்டின் 1843-இலும், எட்வர்ட் பேக்கர் 1844-இலும், ஆபிரகாம் லிங்கன் 1846-இலும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மாறி மாறி ஏற்பது என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. ஹார்டின் மறுபடி வர விரும்பியபோது, இது தம் முறை என்று லிங்கன் உறுதியாக நின்றார், ஹார்டின் விலகினார். வாஷிங்டனுக்குப் போன பின்னர், வேறு யாருக்கும் விருப்பமில்லையென்றால் மீண்டும் வரத் தமக்குத் தடையில்லை என்றும், ஆனால் போட்டியாளராகத் தாமே முன்வருவது கொடுத்த வாக்கை மீறுவதாகும் என்றும் லிங்கன் தம் வக்கீல் தொழிற் கூட்டாளிக்கு எழுதினார். 1848-இல் அவர் நிற்கவில்லை. அம்முறை நின்ற ஸ்டீபன் லோகன் தோற்றார். லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்ட 1846-இல் இல்லினாயில் வாய்மொழி வாக்கே நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லிங்கனைப் போன்ற ஒருவரே தம் விருப்பத்தைவிட முறைவரிசையை மேலாக மதிக்க வேண்டியிருந்த காலம் அது.

கட்சியின்றி நிற்க நினைத்தவருடைய நிலைமையை ஹென்றி ஜார்ஜின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். நிலவரியைப் பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்ற அந்தப் பொருளாதார அறிஞரை, 1886-இல் நியூயார்க் மேயர் பதவிக்கு நிற்குமாறு தொழிற்சங்கங்கள் வேண்டின. அவர் உடனே இசையவில்லை. தமக்கு வாக்களிப்பதாக 30,000 பேரேனும் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்றார். அதை வெறும் விளம்பரம் என்று கொள்ளக்கூடாது. நகரத்தின் ஒவ்வொரு சாவடியிலும் தம் பெயருள்ள சீட்டை அச்சிட்டு, எடுத்துச் சென்று, கட்சி அடியாட்களின் நடுவே நின்று கொடுக்க ஆட்படை ஒன்று இல்லாமல் போட்டியில் இறங்குவது வீண் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தப் படை உண்டா என்று அளக்கும் கருவியாகவே கையொப்பங்கள் பயன்பட்டன. 34,000 பேர் கையொப்பமிட்டார்கள், அவரும் நின்றார். நகரின் ஜனநாயகக் கட்சி ஸ்தாபனமான டாமனி ஹாலைச் சேர்ந்தவர்கள், நீங்கள் விலகிக்கொண்டால் காங்கிரஸில் ஓர் இடம் தருகிறோம் என்று தம்மிடம் தூது அனுப்பினார்கள் என்று ஜார்ஜ் பின்னாளில் சொன்னார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய ஓர் இடத்தை ஒரு கட்சி தன் பொருள்போல் எடுத்துத் தருவதாகச் சொல்ல முடிந்தது என்றால், சீட்டு யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். வாக்கெண்ணிக்கையில் டாமனி ஹால் ஆதரித்த ஹூவிட் 90,552-உம், ஜார்ஜ் 68,110-உம், பிற்காலத்தில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 60,435-உம் பெற்றார்கள். ஆஸ்திரேலிய முறை வேண்டும் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எழுதிவந்த ஜார்ஜுக்கு, தம் சொந்தத் தோல்வியே அதற்கு வலிய பிரசாரமாயிற்று.

4. சீர்திருத்தத்துக்குப் பின்

1888-இல் கெண்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரமும், அதே ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாகாணமும் இம்முறையை ஏற்றன. 1896-க்குள் மிகப்பெரும்பான்மையான மாகாணங்கள் பின்தொடர்ந்தன. ஜார்ஜியா 1922 வரையிலும், தென் கரோலினா 1950 வரையிலும் காத்திருந்தன. மாஸசூஸெட்ஸ் சீட்டில் வேட்பாளர்கள் பதவிவாரியாக வரிசைப்படுத்தப்பட்டார்கள். 1889-இல் சட்டமியற்றிய இண்டியானாவில் கட்சிவாரியான பத்திகள் அமைந்தன. இந்த வேற்றுமை அற்பமானதன்று. பதவிவாரிச் சீட்டில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே பார்த்துக் குறியிட வேண்டும். கட்சிப் பத்திச் சீட்டில் பழைய பழக்கம் பெருமளவுக்கு நீடிக்க இடம் உண்டு. ஒரே வாக்காளன் ஒரு பதவிக்கு ஒரு கட்சியையும் மற்றொரு பதவிக்கு வேறு கட்சியையும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சீர்திருத்தத்துக்குப் பின் பெருகியதையும், அது பதவிவாரிச் சீட்டில் மிகுதியாக இருந்ததையும் ஜெரால்ட் ரஸ்க் என்ற ஆராய்ச்சியாளர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

வாக்காளன் பெயரைப் பார்க்கத் தொடங்கியதும் வேட்பாளர் தம் பெயருக்கு மதிப்புண்டு என்பதை உணர்ந்தார். தொகுதிக்குச் செய்த தொண்டும், வகித்த பதவியும், பெற்ற நற்பெயரும் இனி வாக்காகக்கூடும். காங்கிரஸ் உறுப்பினர்கள் தாங்கள் இருந்த குழுக்களிலேயே தொடர்ந்து இருக்க முற்பட்டதை இதன் விளைவாக ஜொனதன் காட்ஸும் பிரையன் சாலாவும் 1996-இல் விளக்கினார்கள். ஜேமி கார்சனும் ஜேசன் ராபர்ட்ஸும் 2013-இல் வெளியிட்ட நூல் நம் கேள்விக்கு இன்னும் நெருங்கியது. முன்பே பதவி வகித்த அநுபவசாலிகள் எப்போது போட்டியில் இறங்கினார்கள் என்று நீண்ட காலப்பரப்பில் ஆராய்ந்த அவர்கள், கட்சி தன் விருப்பப்படி அத்தகையவர்களை நிறுத்திய நிலைமை சீர்திருத்தத்துக்குப்பின் தளர்ந்தது என்றும், வெற்றி வாய்ப்பைத் தாமே கணக்கிட்டு நிற்பதும் விலகுவதும் வலுத்தன என்றும் காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரதிநிதிகள் சபையின் சரிபாதிக்கு மேற்பட்டோர் புதியவர்களாயிருந்த காங்கிரஸ்கள் பல. இருபதாம் நூற்றாண்டில் அப்படி ஒன்றுகூட இல்லை.

இங்கும் பிற காரணங்களை மறுக்க முடியாது. அரசாங்க உத்தியோகங்களைக் கட்சிப் பரிசாக வழங்குவதை 1883-இன் பெண்டில்டன் சட்டம் குறைத்தபடியால், தோற்றவருக்கு ஆறுதல் கொடுக்கும் வழி கட்சிக்குச் சுருங்கிற்று. 1896-க்குப் பின் நாட்டின் பல பகுதிகள் ஒரே கட்சியின் கோட்டைகளாயின. ஆயினும் இவற்றுள் எதுவும், கட்சி அச்சகத்தின் ஏகபோகத்தை முறித்ததற்கு ஈடாகாது என்பதே என் முடிவு. அந்த ஏகபோகம் நீடித்திருந்தால் மற்ற மாறுதல்கள் யாவும் ஒரு நிர்வாகியின் கையிலிருந்து மற்றொரு நிர்வாகியின் கைக்கு அதிகாரத்தை மாற்றியிருக்குமேயன்றி வேட்பாளரிடம் சேர்த்திரா.

கட்சிகள் வெறுங்கையோடு நின்றுவிடவில்லை. சீட்டில் ஒரு கட்சியின் பெயரை அரசாங்கம் அச்சிடுகிறதென்றால், அக்கட்சியின் உண்மையான வேட்பாளர் யார் என்பதையும் சட்டம் வரையறுக்க வேண்டியதாயிற்று. அந்த வழியே சென்றுதான், விஸ்கான்சினில் லா ஃபாலட் போன்றோர் முயற்சியால், வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் பிறந்தது.

5. அடைபட்ட வாயில்

இதுவரை சொன்னதைக் கேட்டு, இது சுதந்திரத்தின் வெற்றிக் கதை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கட்சிகள் சீட்டு அச்சிட்ட காலத்தில், எவ்வளவு ஏழையான இயக்கமும் ஓர் அச்சகத்தைப் பிடித்துத் தன் சீட்டை வெளியிடலாம்; சிறிய கட்சி பெரிய கட்சியோடு கூடி ஒரே வேட்பாளரை இரண்டு சீட்டுகளிலும் நிறுத்தலாம். மேற்கு மாகாணங்களின் உழவர் இயக்கமான பாப்புலிஸ்டுக் கட்சி இப்படி ஜனநாயகக் கட்சியோடு கூடியே பல இடங்களைப் பெற்றது. அரசாங்கச் சீட்டு வந்ததும், தென் டகோட்டாவில் 1893-இலும் பிறகு வேறு பல மாகாணங்களிலும், ஒருவர் பெயர் சீட்டில் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். எந்தக் கட்சியின்கீழ் நிற்பது என்று அந்த வேட்பாளர் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதன் ஆதரவாளர் விலகுவர். நிற்பதற்குக் காரணமாயிருந்த கூட்டே இவ்வாறு குலைந்தது.

தெற்கு மாகாணங்களில் நடந்ததோ இதைவிடக் கொடியது. 1890-இன் குடிமதிப்பில் கறுப்பின மக்களுள் பாதிக்கு மேற்பட்டவர் எழுத்தறியாதவர். அவர்களையோ அவர்களுடைய பெற்றோரையோ அடிமைகளாக வைத்திருந்தபோது எழுத்துக் கற்பிப்பதையே குற்றமாக்கியவை அம்மாகாணங்களிற் பல. நிறத்தாலும் உருவத்தாலும் தெரிந்த கட்சிச் சீட்டை அம்மக்கள் பெட்டியில் இட்டு வந்தார்கள். டென்னஸி 1889-இலும் அர்க்கன்ஸா 1891-இலும் கொண்டுவந்த சீட்டைப் படித்துக் குறியிட வேண்டும். எழுத்தறியாதவனுக்கு நம்பிக்கைக்குரிய நண்பன் துணைசெய்வதை அர்க்கன்ஸா சட்டம் விலக்கி, தேர்தல் அதிகாரிகளிடமே அப்பொறுப்பை விட்டது. மாஸசூஸெட்ஸில் ஏழைத் தொழிலாளியைக் காத்த அதே இரகசிய அறை இங்கே கறுப்பு உழவனைத் தனியாக்கி ஊமையாக்கிற்று. அடுத்து, வாக்களிக்கச் செலுத்த வேண்டிய வாக்குவரியும் வந்தது. 1891-இல் அர்க்கன்ஸா சட்டமன்றத்தில் பத்துக்கு மேற்பட்ட கறுப்பின உறுப்பினர்கள் அமர்ந்திருந்தார்கள். 1893-க்குப் பின், 1973 வரையில், ஒருவர்கூட இல்லை.

வட கரோலினாவின் கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஜார்ஜ் ஒயிட், தம் மாகாணம் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்கும் திருத்தத்தை 1900-இல் நிறைவேற்றியதைக் கண்டு, அவ்வாண்டு மறுபடி நிற்கவில்லை. அவர் 1901-இல் வெளியேறிய பின், தெற்கிலிருந்து ஒரு கறுப்பினப் பிரதிநிதி காங்கிரஸில் அமர 1973 ஆயிற்று. அவரைப்பற்றி வரலாற்று நூல்கள் பேசுகின்றன. அர்க்கன்ஸாவின் ஜான் கிரே லூக்கஸைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1887-இல் பட்டம் பெற்ற அந்த இளைஞர், ஊர் திரும்பி வழக்கறிஞராகி, சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ரயில்வண்டியில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் மசோதாவை எதிர்த்து 1891-இல் அச்சபையிலேயே ஆற்றிய உரை புகழ்பெற்றது. மசோதா நிறைவேறிற்று, புதிய தேர்தல் சட்டமும் அதே சபையில் நிறைவேறிற்று. லூக்கஸ் 1893-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து வழக்கறிஞர் தொழிலிலேயே செழித்தார். அறிவும் நாவன்மையும் தொகுதியின் அன்பும் பெற்றிருந்த ஒருவர் ஏன் தம் மாகாணத்தில் மறுபடி நிற்கவில்லை என்ற கேள்விக்கு, அவர் மறுபடி நின்றிருந்தால் அவருக்கு வாக்களிக்கக்கூடியவர்களுக்கு 1891-இன் சட்டம் என்ன செய்தது என்பதிலேதான் விடையைத் தேட வேண்டும்.